மாயவனின் மாதிரிப் புத்தகங்கள்

மாயவனின் கருமாதி முடிந்த மத்தியானம், போட்ட பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அவருடைய பிள்ளைகள் நாலு பேரையும் யார் வீட்டுக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது.

ஆரம்பித்தவர் மாயவனின் அண்ணன் பொன்னுரங்கம். திருக்கோவிலூர் தாலுக்கா ஆபீசில் வேலை பார்ப்பவர். கெட்டவர் இல்லை. பதினாறு நாளும் லீவு போட்டுவிட்டுத் தம்பி வீட்டிலேயே கிடந்து எல்லாக் காரியத்தையும் எடுத்துப் போட்டுச் செய்தவர். அதனாலேயே, பிள்ளைகளின் காரியத்தையும் அவரே முடித்துவிட்டுப் போக நினைத்தார்.

"பெரியவன் வேந்தனும் சுபாசும் ரிசிவந்தியத்துல என் தங்கச்சி ஆயம்மா வூட்டுல இருக்கட்டும். அவ வூட்டுக்காரரு வாத்தியாரு, பாத்துக்குவாரு. ராதிகா பொம்பளப் புள்ள, தங்கமணிக்குத் தொணைக்கு இங்கியே இருக்கட்டும். சின்னத நாங்க கூட்டிக்கினு போறோம்."

சின்னது என்றால் தமிழ்மொழி. ஐந்து வயது. அந்த நேரத்தில் அது பொன்னுரங்கத்தின் மனைவி லட்சுமியம்மாளின் மடியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது. லட்சுமியம்மாளுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருசம். பிள்ளை இல்லை. பதினாறு நாளாக அந்த மடி காலியாக இல்லாததை வீட்டில் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

தங்கமணி உள் அறையில் கதவோரம் இருந்தாள். புருசன் போன பெண் மூன்று மாதம் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். குரல் தாண்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"எதுக்கு மாமா பிரிக்கணும்?"

"படிப்புக்குத்தாம்மா. புள்ளைங்க படிக்கிற கள்ளக்குறிச்சி ஸ்கூலு மூடிக் கெடக்குது. புதுக் கட்டடத்துக்கு மாத்திக்கினு பொங்கல் கழிச்சிதான் தெறப்பாங்களாம். தெறக்கறப்போ ஒவ்வொண்ணையும் வாசிக்கச் சொல்லிப் பாத்துத்தான் கிளாசு போடுவேன்னு சீட்டு அனுப்பியிருக்கான். அது வரிக்கும் நாலும் இந்தக் கச்சிராயபாளையத்துல மாட்டுக்குப் பின்னாடி சுத்திக்கினு கெடந்தா படிச்சதும் மறந்துடும். இங்கிலீஷ் படிக்கணும்னு தம்பி எவ்ளோ ஆசப்பட்டான்!"

"பொங்கல் வரிக்கும் நான் சொல்லிக் குடுக்கறேன்."

பொன்னுரங்கம் கதவைப் பார்த்துச் சிரித்தார். "நீயா? நீ எஸ்எஸ்எல்சியில இங்கிலீஷ்லதானே போன?"

பந்தலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"ஆமா மாமா, இங்கிலீஷ்லதான் போனேன். ஏன் போனேன்னு எனக்குத்தானே தெரியும்."

பொன்னுரங்கம் வெற்றிலையை மடித்தார். மடித்ததைப் பிரித்தார். கடைசியில் ஒரு முடிவு சொன்னார். பொங்கல் முடிந்த வாரம் வருவார். தன் கையால் புத்தகத்தைக் கொடுத்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்வார். வாசிக்கிற பிள்ளை தாயோடு இருக்கும். வாசிக்காத பிள்ளை அவரோடு வரும்.

"வாக்கு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன் மாமா."

லட்சுமியம்மாள் தமிழ்மொழியின் வாயோரத்து அப்பளத் தூளைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

மாயவன் சென்னையில் இருந்த ஒரு பாடப்புத்தகக் கம்பெனிக்குக் கேன்வாசர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், மாதிரிப் புத்தகங்களைக் காட்டி, அடுத்த வருசத்துக்கு ஆர்டர் பிடிப்பது அவர் வேலை. திருக்கோவிலூர், ரிஷிவந்தியம், உளுந்தூர்பேட்டை வட்டாரமெல்லாம் பஸ்ஸில் சுற்றுவார். கல்வராயன் மலைக்கு மட்டும் மாதம் ஒரு தரம் போய் இரண்டு மூன்று நாள் தங்கி வருவார். எண்பத்தேழு புரட்டாசி முதல் தேதி இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியபோது அவர் வெள்ளிமலையில் இருந்தார். பஸ் கிடையாது. நடந்தே இறங்கி வந்தார். வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கள்ளக்குறிச்சி ரோடு முழுக்கப் புளிய மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மரத்தை வெட்டிப் போட்ட ஆட்கள்தான் தூக்கினார்கள். முதல் மரத்துக்காரர்கள் கட்டிலை மரத்துக்கு மேலாக ஏற்றி இறக்கி, அடுத்த மரம் வரை சுமந்துபோய் அங்கிருந்தவர்களின் தோளில் மாற்றினார்கள். அவர்கள் அதற்கு அடுத்தவர்களிடம். பதினோரு மரம். ஏழாவது மரம் தாண்டும்போதே மாயவன் போய்விட்டார். கூட நடந்த தங்கமணிக்கு அது தெரிந்தது. தூக்கியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாரும் சொல்லாமல் பதினோராவது மரம் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுடைய கூடப்பிறந்த தம்பி சடையன், திருநாவலூர்ப் பக்கம் இதே போல மரம் வெட்டிப் போட்டதற்காக அப்போது கடலூர் ஜெயிலில் இருந்தான். யாரை நொந்துகொள்வது என்று அவளுக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

உறவுக்காரர்கள் போன மறுநாள் தங்கமணி கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தாள். மாயவனின் மாதிரிப் புத்தகங்கள் அதில்தான் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதி. அட்டையில் 'மாதிரிப் பிரதி, விற்பனைக்கு அல்ல' என்று ஊதா மையில் முத்திரை. கணக்கு, பூகோளத்தையெல்லாம் ஒதுக்கி வைத்த பிறகு, இங்கிலீஷ் எழுத்தும் ஸ்பெல்லிங்கும் சொல்லித் தரும் புத்தகங்கள் மட்டும் பதினான்கு தேறின.

பதினான்கில் எது நல்லது? மாயவனைக் கேட்க முடியாது. உயிரோடு இருந்து கேட்டிருந்தாலும் பிரயோசனமில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி புகழ்வதுதான் அவர் தொழில். காலையில் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டே, "சார், இந்த மாதிரி ஒரு புத்தகம் தமிழ்நாட்டுலயே கெடையாது சார்" என்று பழகிக்கொள்வார். மறுநாள் அதே பேச்சை வேறு புத்தகத்துக்குச் சொல்வார். வேந்தன் அதைக் கேட்டுக் கேட்டு அப்பாவைப் போலவே பேசிக் காட்டுவான்.

ஆனால் புத்தகங்களைப் புரட்டியபோது தங்கமணிக்கு ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொன்றின் பின்னட்டை உள்பக்கத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் மாயவன் குறித்து வைத்திருந்தார். வாத்தியார்கள் சொன்ன குறைகள். கம்பெனிக்கு எழுதி அனுப்புவதற்காக இருக்கும்.

ஆப்பிள் படம் போட்ட பளபளப்புப் புத்தகத்தில்: 'மலைப் பிள்ளைகள் ஆப்பிளைப் பார்த்ததில்லை. தக்காளி என்கிறார்கள்.' ஒரு பக்கத்துக்கு இருபது சொல் வீதம் பட்டியல் போட்ட ஸ்பெல்லிங் புத்தகத்தில்: 'வரிசையாகக் கேட்டால் ஒப்பிக்கிறார்கள். நடுவில் கேட்டால் முழிக்கிறார்கள்.' ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழிலேயே உச்சரிப்பு போட்ட புத்தகத்தில்: 'பிள்ளைகள் தமிழை மட்டும் வாசித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வாத்தியாரும்தான்.' இன்னொன்றில்: 'படம் நன்றாக இருக்கிறது. இதைச் சொன்னவர் பள்ளிக்கூட ஆயா.'

தங்கமணி சிரித்தாள். பதினேழு நாளுக்குப் பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ராதிகா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "இன்னாம்மா?" என்றாள். "ஒண்ணுமில்லடி. உங்கப்பா எழுத்து."

கடைசியாக ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம். பெரிய எழுத்து. எழுத்தின் பேரைச் சொல்லாமல் சத்தத்தைச் சொல்லித் தரும் புத்தகம் அது. 'பி' என்று சொல்லாமல் 'ப்' என்று வாயை மூடித் திறக்கச் சொல்லும். பேட், கேட், ரேட் என்று ஒரே ஓசைச் சொற்கள் ஒரு பக்கம், ஹென், பென், டென் என்று அடுத்த பக்கம். அதன் பின்னட்டையில் ஒரே வரி: 'இதை நடத்த வாத்தியார் முதலில் படிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே வேண்டாம் என்கிறார்.'

அந்த வரியை அவள் இரண்டு தரம் படித்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் இங்கிலீஷைப் பேரை வைத்துத்தான் படித்தாள். இ-எல்-இ என்று தொடங்கி யானையின் ஸ்பெல்லிங்கை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் முன்பின் பார்க்காத ஒரு சொல்லைக் கண்டால் பூட்டின வீட்டு முன்னால் நிற்பது போல நிற்பாள். ஒவ்வொரு எழுத்தும் யாரென்று தெரியும். எல்லாம் சேர்ந்தால் என்ன சத்தம் என்று தெரியாது. பரீட்சையில் வந்ததெல்லாம் முன்பின் பார்க்காத சொற்கள்.

நாலு பிள்ளைக்கும் நாலு விதமான புத்தகம் கொடுக்கலாமா என்றும் யோசித்தாள். வேந்தனுக்குப் பத்து வயது, ராதிகாவுக்கு எட்டு, சுபாஷுக்கு ஆறு. அவரவர் வயசுக்கு ஏற்றதைக் கொடுத்தால் நல்லதுதானே? புரட்டிப் பார்த்தபோதுதான் விசயம் தெரிந்தது. மற்ற மாதிரிப் பிரதிகளில் முதல் பதினாறு பக்கம்தான் அச்சாகியிருந்தது. மீதியெல்லாம் வெறும் வெள்ளைத்தாள். கனம் காட்டுவதற்காகச் சேர்த்துத் தைத்தது. முழுசாக அச்சடித்த ஒன்று அந்த மஞ்சள் புத்தகம்தான்.

பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் உதவிக்கு வந்தாள். அவள் களையெடுக்க, கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறவள். தனியாள். சாயங்காலமானால் தங்கமணி வீட்டில்தான் உட்காருவாள்.

"ஒரு பொஸ்தகத்த நாலு பேரு எப்டி படிப்பீங்க? நாளைக்கு நான் கள்ளக்குறிச்சி போறேன், பஸ்ஸ்டாண்டு கடையில ஒண்ணு வாங்கியாரேன்" என்றாள். வாங்கியும் வந்தாள். ராதிகா பிரித்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொளஞ்சிம்மா, இது இந்தி!"

"இந்தியா? எல்லா எழுத்துக்கும் மேல கோடு இழுத்துத் தொங்க உட்டிருக்கறான், சுத்தமா இருக்குதேன்னு வாங்கினேன். ஏன், இது ஆவாதா?"

"அந்தக் காலத்துல புள்ளைங்க இதுக்குத்தான் ரயிலு முன்னாடி படுத்தாங்க, இந்தி படிக்க மாட்டோம்னு" என்றாள் தங்கமணி.

"அய்ய, எனக்கு யாரு சொன்னா!" என்று கொளஞ்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆக, ஒரு புத்தகம், ஒரு பாய், நாலு பிள்ளைகள் என்று ஆனது. கூடத்தில் பாயை விரித்து நடுவில் மஞ்சள் புத்தகத்தைத் திறந்து வைப்பாள். தங்கமணி புத்தகத்துக்கு நேரே உட்காருவாள். அவளுக்கு வலப்பக்கம் வேந்தன், இடப்பக்கம் ராதிகா, ராதிகாவை ஒட்டி சுபாஷ். தமிழ்மொழி எதிர்ப்பக்கம், நெல் டிரம்மில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. அந்த இடத்துக்கு யாரும் சண்டை போடவில்லை. தகரம் குளுகுளுவென்று இருக்கும் என்று அதுவே பிடித்துக்கொண்ட இடம். சாயங்காலம் கொளஞ்சியம்மாள் வந்தால் அதற்குப் பக்கத்தில் காலை நீட்டுவாள்.

முதல் வாரம் பெரும்பாடு. தங்கமணி அடுப்படியில் வேலை செய்துகொண்டே மறுநாள் பாடத்தை வாய்க்குள் சொல்லிப் பழகுவாள். பாயில் உட்கார்ந்து, "இது 'க்'" என்றால் வேந்தன் எழுந்து நிற்பான்.

"அம்மா, அது 'க்' இல்ல, 'ஸீ'. எங்க மிஸ் அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"பேரு ஸீதான்டா. கூப்பிட்டா 'க்'னு கொரல் குடுக்கும். உம் பேரு வேந்தன். நாய் தொரத்தினா வேந்தன் வேந்தன்னா கத்துவ? ஐயோன்னுதானே கத்துவ?"

சுபாஷ் விழுந்து விழுந்து சிரித்தான். மூன்று நாள் வேந்தனைப் பார்க்கும்போதெல்லாம் "ஐயோ" என்று கூப்பிட்டான். வேந்தன் கோபித்துக்கொண்டு பாயை விட்டுப் போனான். இரண்டாவது வாரம், அவன் பார்த்தே இராத ஒரு சொல்லை எழுத்துக்கு எழுத்து சத்தமாகக் கூட்டி அவனே வாசித்துவிட்டு, மற்றவர்கள் கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தான். அன்றிலிருந்து பாயை விட்டு எழவில்லை.

தமிழ்மொழிதான் எல்லோரையும் முந்தியது. மற்றவர்களுக்குப் பழைய படிப்பை மறக்க வேண்டியிருந்தது. அதற்கு மறக்க ஒன்றுமில்லை. தங்கமணி துடைப்பக் குச்சியால் எழுத்தைத் தொட்டால், தொட்டு முடிப்பதற்குள் சத்தம் வரும். பலகையில் எழுதச் சொன்னால் பாயில் வைத்தபடியே எழுதும். தங்கமணி எதிரில் இருந்து எட்டிப் பார்ப்பாள். எழுத்து முத்து முத்தாக நேராக இருக்கும். "சபாசுடி" என்று தன் பக்கமாக இழுத்து ஒரு சரி போட்டுத் தள்ளிவிடுவாள். குழந்தை தன் வலப்பக்கமிருந்து இடப்பக்கமாகக் கையை நகர்த்துவதை ஒரு தரம் பார்த்தாள். எதிரில் இருந்து பார்த்தால் இடம் வலம் மாறித்தானே தெரியும் என்று விட்டுவிட்டாள்.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. மஞ்சள் புத்தகம் முக்கால்வாசி முடிந்தது. மூன்று மாதம் முடிந்து வாசற்படி தாண்டலாம் என்று ஆனபோதும் தங்கமணி எங்கும் போகவில்லை.

பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள் பொன்னுரங்கமும் லட்சுமியம்மாளும் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சாப்பிட்டு முடித்ததும் பொன்னுரங்கம் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். திருக்கோவிலூரில் தெரிந்த வாத்தியாரிடம் கேட்டு ஒரு இங்கிலீஷ் வாசகப் புத்தகமும் கொண்டு வந்திருந்தார்.

"வாடா வேந்தா. புடி. இந்தப் பக்கம்."

வேந்தன் வாசித்தான். ஒரே ஒரு இடத்தில் நின்றான். உதட்டை அசைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு மேலே போனான். பொன்னுரங்கத்தின் புருவம் உயர்ந்தது. ராதிகா மெதுவாக, ஆனால் நிற்காமல் வாசித்தாள். சுபாஷ் ஒவ்வொரு சொல்லையும் கடலையை உடைப்பது போல உடைத்து உடைத்து வாசித்தான். அதுவும் வாசிப்புதான் என்று பொன்னுரங்கம் ஒப்புக்கொண்டார்.

"பரவால்லியே தங்கமணி. நான் நெனைக்கல. சரி, சின்னதுக்கு இது ஜாஸ்தி. நீங்க படிச்ச பொஸ்தகத்தையே எடு."

தங்கமணி மஞ்சள் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஹென், பென் இருக்கும் பக்கத்தைப் பிரித்துத் தமிழ்மொழியின் இரண்டு கையிலும் வைத்தார். அந்தப் புத்தகத்தை அந்தக் குழந்தை கையில் வாங்கிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

தமிழ்மொழி பக்கத்தைப் பார்த்தது. புத்தகத்தை மெல்லத் திருப்பப் பார்த்தது.

"ஏய், ஆட்டாத. நேரா புடி."

பார்த்தது. மறுபடி திருப்பியது. பொன்னுரங்கம் மறுபடி நேராக்கினார். "வெளையாடக் கூடாது கண்ணு. இது இன்னா எழுத்து, சொல்லு."

குழந்தையின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தெரிந்தவர்கள் யாருமில்லாத ஊரில் இறக்கிவிட்டது போல அது பக்கத்தை முழித்து முழித்துப் பார்த்தது.

"பயப்படுது மாமா. நேத்துக்கூட இதே பக்கத்தக் கடகடன்னு வாசிச்சா. மொழி, சொல்லுடி கண்ணு. ஹ்..."

"நீ எடுத்துக் குடுக்காத தங்கமணி."

சுபாஷுக்குப் பொறுக்கவில்லை. "ஹென்னுடி! கோழிடி!" என்றான். வேந்தன் அவன் வாயைப் பொத்தினான். தமிழ்மொழியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு பக்கத்தின் மேல் விழுந்தது.

"போதும் உடுங்க" என்று லட்சுமியம்மாள் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மூஞ்சி சுண்டிப் போச்சு பாருங்க." அவள் கை குழந்தையின் தலைமயிரைக் கோதிக்கொண்டே இருந்தது. அந்த முகத்தில் வருத்தம்தான் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை மறைக்க அவள் படுகிற பாட்டைத் தங்கமணி பார்த்தாள். பார்த்த பிறகு அவளால் கோபப்படக்கூட முடியவில்லை.

"வாக்கு குடுத்திருக்கற" என்றார் பொன்னுரங்கம். குரலில் அதட்டல் இல்லை. "பெரியம்மா வூடுதானே. கண்ணு மாதிரி வெச்சிக்குவா."

"சரிங்க மாமா."

அவள் எழுந்துபோய்க் கொடியிலிருந்து தமிழ்மொழியின் கவுன் மூன்றை எடுத்தாள். மடிக்க வரவில்லை. மடித்ததும் பிரிந்தது. மூன்றாவது கவுனுக்கு ஒரு பித்தானைக் காணோம், நேற்று தைத்திருக்கலாம் என்று அதையே நினைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் கொளஞ்சியம்மாள் களைக்கொத்தைத் தோளில் போட்டபடி வாசலில் வந்து நின்றாள். "இன்னா, பரீச்ச முடிஞ்சிதா? எம் பக்கத்துப் பொண்ணு பாசா?"

"இல்லக்கா" என்றாள் தங்கமணி. "மத்த மூணும் வாசிச்சிச்சு. சின்னவளுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியல."

"தெரியலியா? யாருகிட்ட கத உடற? நேத்து எங்கூட குந்திக்கினு மொத்தத்தையும் சொன்னாளே! எந்தப் பக்கத்துலேருந்து காமிச்சீங்க?"

"எந்தப் பக்கம்னா?"

"எங்க பக்கத்துலேருந்து காமிச்சீங்களா, ஒங்க பக்கத்துலேருந்தா? எங்க பக்கத்துலேருந்து பாத்தா அந்தக் கோழி காலு மேல தூக்கிக்கினு கெடக்கும். எழுத்தும் அப்பிடித்தான். இவ அதத்தானே படிக்கிறா? நானும் மூணு மாசமா அப்பிடித்தான் பாத்துக்கினு இருக்கறன்."

தங்கமணியின் கையிலிருந்து கவுன் விழுந்தது.

"ஏங்க்கா, நீ சொல்ல வேணாமா!"

"இங்கிலீஷுன்னா அப்பிடித்தான் போலன்னு நெனச்சேன். எனக்கு யாரு சொன்னா!"

பாயை விரித்து, புத்தகத்தை எப்போதும் போல நடுவில் வைத்தாள் தங்கமணி. லட்சுமியம்மாளின் மடியிலிருந்து தமிழ்மொழி தானாகவே இறங்கி வந்தது. சுற்றிப் போய் நெல் டிரம்மில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது. மூக்கை உறிஞ்சியது. தங்கமணி குச்சியை எடுப்பதற்கு முன்பே வாசிக்கத் தொடங்கிவிட்டது. ஹென், பென், டென். விரல் வலமிருந்து இடமாக ஓடியது. அடுத்த பக்கத்தை அதுவே திருப்பியது. அதையும் வாசித்தது. படத்தில் இருந்த பன்றியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதற்கடுத்ததையும் வாசித்தது.

தங்கமணிக்குப் பலகை ஞாபகம் வந்தது. எத்தனை சரி போட்டிருப்பாள்! எதிரில் உட்கார்ந்து பார்த்த அவளுக்கு நேராக இருந்ததெல்லாம் எழுதிய குழந்தைக்குத் தலைகீழ். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தரம் அந்தப் பக்கம் போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். பதினான்கு புத்தகத்தைப் பிரித்து மேய்ந்து பொறுக்கியவள், பிள்ளை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

பொன்னுரங்கம் தாடையைத் தடவினார். "ஆனா இது எப்பிடிம்மா கணக்கு? நாளைக்கு ஸ்கூலுல டீச்சரு தலகீழாவா போர்டுல எழுதும்?"

"நீங்க வந்து இந்தப் பக்கம் குந்தி ஒரு வரி வாசிங்களேன் பாக்கலாம்" என்றாள் கொளஞ்சியம்மாள். "தாலுக்கா ஆபீசுதானே நீங்க?"

"அட, இதுல இன்னா இருக்குது" என்று அவர் நாற்காலியிலிருந்து இறங்கி டிரம் பக்கம் வந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். தலையைச் சாய்த்தார். முதல் சொல்லைச் சொன்னார். இரண்டாவதில் மாட்டிக்கொண்டார். கழுத்தை இன்னும் சாய்த்தார். தமிழ்மொழி அவரைப் பார்த்தது. பாவமாக இருந்திருக்கும் போல. ஒரு விரலை எழுத்தின் மேல் வைத்து, "ப்" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தது.

சுபாஷ் பாயில் உருண்டான். பொன்னுரங்கமும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகும் அவர் பார்வை லட்சுமியம்மாள் பக்கம் போனது. தாலுக்கா ஆபீசுக்காரர் அல்லவா, விதிக்கு ஒரு சந்து இருக்கிறதா என்று தேடினார். "நேரா புடிச்சி வாசிக்கணும்னுதான் நான் சொன்னது..." என்று இழுத்தார்.

"நேரான்னு நீங்க சொல்லல" என்றாள் லட்சுமியம்மாள். மடியில் குழந்தை உட்கார்ந்திருந்த இடத்துப் புடவைக் கசங்கலை நீவிக்கொண்டே பேசினாள். "வாசிக்கணும்னுதான் சொன்னீங்க. அதுல இருந்தத அது வாசிச்சிடுச்சி. எழுந்திருங்க. நாலர பஸ்ஸ உட்டா அப்புறம் ஏழுக்குத்தான்."

"இல்ல லட்சுமி..."

"எழுந்திருங்கன்றன் இல்ல."

அவள் முகத்தைத் தங்கமணியால் பார்க்க முடியவில்லை. கீழே விழுந்த கவுனை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, விலகி நிற்க வேறு சாக்கு எதுவும் கிடைக்காமல் திரும்பி வந்து லட்சுமியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பெரிய லீவுல இவள அனுப்பறேன். ஒரு மாசம் ஒங்ககூட இருக்கட்டும்."

லட்சுமியம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"அனுப்பறேன்னு சொல்லாத தங்கமணி. கூட்டிக்கினு வா. நாலையும் கூட்டிக்கினு நீயும் வா. இத மட்டும் தனியா அனுப்பினியானா, திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது. சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு வாசலில் இறங்கிச் செருப்பைத் தேடினாள். ஒன்றை ராதிகா எடுத்துக் கொடுத்தாள். இன்னொன்றை நாய் மாட்டுக்கொட்டகை வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வேந்தன் அதைத் துரத்திக்கொண்டு ஓடினான்.